செவலையின் மூன்றாம் ஓட்டம்

போன மாதம் இளம் மிருக வைத்தியர் ஒருவர் பண்டாரவளையில் என் வீட்டைத் தேடி வந்தார். தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை மேசையில் வைத்தார். அதைச் சேணத்துக்கு அடியில் செருகிவிட்டால் போதுமாம். குதிரையின் இதயத்துடிப்பு, வேகம், காலடி விழும் கணக்கு எல்லாம் கைபேசிக்கு வந்துவிடுமாம். ஓட்டம் முடிந்ததும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தீர்ப்பும் சொல்லிவிடுமாம். "இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி மிஸ் குதிரைய டெஸ்ட் பண்ணுனீங்க?" என்று கேட்டார். தேநீர் குடித்து முடிவதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அவர் இரண்டு பஸ்களைத் தவறவிட்டார். போகும்போது, இதையெல்லாம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் குதிரை என்றதும் பறக்கும் பிடரிமயிரையும் குளம்புச் சத்தத்தையும் எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். நான் ஒருநாளும் குதிரை மீது ஏறியதில்லை. குதிரைகளுக்கும் என்னைப் பிடிக்காது. என்னைக் கண்டாலே ஊசி வருகிறது என்று அவற்றுக்குத் தெரியும்.

நான் தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை, அம்மா கொழுந்து பறித்தார். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தேன். ஆய்வுகூடப் பயிற்சி முடித்துப் பதுளையில் மாட்டு இரத்தமும் ஆட்டுச் சாணமும் பரிசோதிக்கும் வேலையில் சேர்ந்தேன். புழு முட்டைகளை எண்ணியே பல வருடங்கள் கழிந்தன. அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் டாக்டர் இராசநாயகம், யாழ்ப்பாணத்துக்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் ஓய்வுபெற்று, பூனாகலைப் பக்கம் ஒரு தனியார் குதிரை லாயத்தைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். கொஞ்ச நாளில் என்னையும் அங்கே அழைத்துக்கொண்டார். "அங்க புழு குறைவு, பிள்ளை. ஆனா எண்ணுறதுக்கு வேற சாமான் நிறையக் கிடக்கு" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த நியமனக் கடிதம்.

லாயத்தின் சொந்தக்காரரை எல்லோரும் துரை என்றே அழைத்தோம். பெரிய தோட்டமொன்றை நிர்வகிக்கும் துரையாக இருந்து, ஓய்வுபெற்றதும் தேயிலைக் காணியோடு ஒரு பங்களாவை வாங்கிக்கொண்டவர். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் குதிரை ரேஸில் தன் குதிரை ஒன்றாவது முதலாவதாக வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக யார் என்ன கருவியைச் சொன்னாலும் வரவழைத்துவிடுவார். இதயத்துடிப்பைப் பிடிக்கும் பட்டியும், ஒரு சொட்டு இரத்தத்தில் அமிலத்தின் அளவைச் சொல்லும் சின்ன மெஷினும் அப்படித்தான் எங்களிடம் வந்தன.

டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. மழையோ வெயிலோ, கையில் குடை இருக்கும். 'நல்ல குதிரை' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. யாராவது அப்படிச் சொன்னால், "எதில நல்லது?" என்று கேட்பார். நான் ஓர் எண்ணை வாசித்தால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவர் துடைத்து முடிக்கும்வரை நான் காத்திருக்கவேண்டும். பிறகு எப்போதும் ஒரே கேள்விதான் வரும்: "இது குதிரையின்ர நம்பரோ, எங்கட நம்பரோ?"

முதல் வருடம் இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் அது புரிந்தது. சோம்பேறி என்று பெயரெடுத்த ஒரு குதிரையின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் அள்ளிக் கொட்டிக் கிடந்தன. இப்படிப்பட்ட இரத்தம் உள்ள குதிரை காற்றாய்ப் பறக்கவேண்டுமே என்று நான் துள்ளினேன். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இரத்தம் எடுத்தபோது பெரட்டுச் சங்கு ஊதியதா என்று கேட்டார். ஊதியிருந்தது. தோட்டத்தில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் அந்தச் சங்குச் சத்தத்துக்குத்தான் குதிரைகளுக்குக் கொள்ளு வரும். குதிரைக்கு மண்ணீரல் ஒரு சேமிப்புக் கிடங்கு. பயந்தாலோ பரபரத்தாலோ அங்கேயிருக்கும் சிவப்பணுக்களை இரத்தத்தில் திறந்துவிடும். நான் அளந்தது குதிரையின் வலிமையை அல்ல, அதன் பசியை. அதற்குப் பிறகு சங்கு ஊதுவதற்கு முன்பே இரத்தம் எடுக்கப் பழகிக்கொண்டேன்.

எங்கள் சோதனை இப்படி நடக்கும். லாயத்துக்குப் பின்னால் தேயிலை நடுவே ஒரு பழைய வண்டிப்பாதை, சீரான ஏற்றம். குதிரையின் நெஞ்சில் ஈரமான பட்டியைக் கட்டி, துடிப்பைக் காட்டும் அதன் கடிகாரத்தைச் சேணத்தில் மாட்டிவிடுவோம். குதிரை அந்த ஏற்றத்தில் மூன்று தடவை ஓடும். முதல் ஓட்டம் நிதானமாக, இரண்டாவது கொஞ்சம் வேகமாக, மூன்றாவது ரேஸ் வேகத்துக்குக் கிட்ட. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுத்து நரம்பிலிருந்து கொஞ்சம் இரத்தம். வேகம் கூடக் கூட இதயம் கூடுதலாக அடிக்கும், தசைகளில் அமிலம் ஊறும். ஒரு கட்டத்துக்கு மேல் அமிலம் குபுக்கென்று ஏறும். அந்த இடம் எந்த வேகத்தில் வருகிறது என்பதுதான் குதிரையின் கையிருப்பு. பிந்தி வந்தால் குதிரை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். நுவரெலியா எங்களைவிட உயரம், காற்று மெல்லியது. அதற்கும் டாக்டர் ஒரு கழிவு போட்டுக்கொள்வார்.

இதில் ஒரே சிக்கல், ஓட்டத்தின் வேகம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கவேண்டும். கம்பம் நட்டுக் கடிகாரம் பிடித்துப் பார்த்தோம். கம்பத்தைக் கண்டதும் ஓட்டுபவர்களுக்கு உற்சாகம் பொங்கி, குதிரையை விரட்டினார்கள். கடைசியில் டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்துத் தோட்டத்தில் சாவுக்கும் கூத்துக்கும் தப்படிக்கும் பெருமாளை வண்டிப்பாதையின் நடுவில் நிறுத்தினார். மூன்று ஓட்டத்துக்கு மூன்று தாளம். குதிரையின் காலடி அந்தத் தாளத்தில் விழும்படி ஓட்டவேண்டும். அயல்நாடுகளில் நின்ற இடத்திலேயே ஓடவைக்கும் சுழல்பட்டையில் குதிரையை ஏற்றிச் செய்கிற சோதனையை நாங்கள் தப்படித்துச் செய்தோம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் லாயத்தில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து விசாரிக்க வருவார்கள். ஆனால் எண்கள் ஒழுங்காக வந்தன.

காலையில் குதிரைகளைப் பழக்கியவர்களில் ஒருவன் மணிவேல், என் தம்பி. லாயத்துக்குப் புல் அறுக்க வந்தவன், மெலிந்த உடம்பும் பயமில்லாத மனசுமாக இருந்ததால் குதிரை மேல் ஏறிவிட்டான். அவனிடம் குதிரை அடங்குவதைப் பார்த்தால் அக்கா என்ற முறையில் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் காலையில் ஓட்டுபவன் வேறு, ரேஸில் ஓட்டுபவன் வேறு. எங்கள் லாயத்தில் ரேஸ் நாளில் பட்டுச் சட்டை போட்டு ஏறுவதற்குக் கொழும்பிலிருந்து ஆள் வருவான். தோட்டத்துப் பையன்கள் கயிறு பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த வருடம் துரை அந்த வழக்கத்தை மாற்றினார். செவலை என்று ஒரு பெண் குதிரை இருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பதிவுப் பெயர் உண்டு. நிறத்தைப் பார்த்து நம்மாட்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. அது மணிவேலைத் தவிர வேறு யாருக்கும் முழுதாக ஓடாது. துரை அவனுக்கு லைசன்ஸ் எடுத்துக் கொடுத்து, ஏப்ரல் ரேஸில் செவலையை அவனே ஓட்டட்டும் என்றார். செய்தி தோட்டம் முழுக்கப் பரவியது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் நுவரெலியாவுக்குப் போக ஒரு பஸ் பேசினார்கள். ஸ்டோரைத் தாண்டி வெளியே போகாத அப்பாகூட ஒரு சீட் கேட்டுவைத்தார். மணிவேலுக்கு உடம்பு கொஞ்சம் போடத் தொடங்கியிருந்த நேரம் அது. அடுத்த வருடம் அவன் ரேஸில் ஓட்டுபவனுக்குரிய எடைக்குள் இருப்பான் என்பது நிச்சயமில்லை. இது ஒன்றுதான் அவனுக்கு வாய்ப்பு.

செவலையின் எண்கள் அந்த வருடம் அருமையாக இருந்தன. அமிலம் மற்றக் குதிரைகளைவிட மிகவும் பிந்தித்தான் ஏறியது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குக் கிட்ட வர ஒண்டுமில்லை" என்றார். அவரைப் பொறுத்தவரை அது கச்சேரி வைத்துக் கொண்டாடியதற்குச் சமம்.

ரேஸுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, மூன்றாம் ஓட்டத்தில் செவலையின் இதயத்துடிப்பு வழக்கத்தைவிட ஏறி வந்தது. கடிகாரத்தை இரண்டு தடவை வாசித்தேன்.

"திருப்பிச் சொல்லும்" என்றார் டாக்டர்.

சொன்னேன். மணிவேல் சேணத்தில் இருந்தபடியே என்னைப் பார்த்தான்.

டாக்டர் நேராகப் பெருமாளிடம் போனார். மூன்றாம் தாளத்தை அடிக்கச் சொல்லிக் கடிகாரம் பிடித்தார். தாளம் வேகமாகியிருந்தது. அப்போது தோட்டங்களில் காமன்கூத்து நடந்துகொண்டிருந்த காலம். பெருமாள் ஒவ்வொரு மாலையும் ரதி மதன் ஆட்டத்துக்கு அடித்துவிட்டு வருபவர்.

"கூத்துக் கையி, ஐயா. நிப்பாட்டுனாலும் நிக்க மாட்டேங்குது" என்றார் பெருமாள்.

எல்லோரும் சிரித்தோம். மணிவேல்தான் அதிகம் சிரித்தான். செவலையின் கழுத்தில் தட்டிக்கொடுத்து, "மன்மதன் செஞ்ச வேல, செவல" என்றான். நானும் நம்பினேன். டாக்டர், "அப்ப இது எங்கட நம்பர்" என்று சொல்லிவிட்டு, கூத்து முடிந்த பிறகு திரும்பப் பார்க்கலாம் என்றார்.

காமனை எரித்தார்கள், கூத்து முடிந்தது. பெருமாளின் கையும் பழைய தாளத்துக்கு வந்தது. கடிகாரம் பிடித்து உறுதி செய்துகொண்டோம். செவலை ஓடியது. முதல் ஓட்டம் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் மறுபடியும் இதயம் ஏறி நின்றது.

பட்டியை மாற்றினோம். அதே பட்டியை வேறு குதிரைக்குக் கட்டினோம். அதற்கு ஒன்றும் இல்லை. செவலைக்கு வேறு ஆளை ஏற்றினோம். அவனுக்கு அது சரியாக ஓடவில்லை என்றாலும் மூன்றாவதில் அதே கதைதான். பிறகு டாக்டர் எனக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்தார்.

"பிள்ளை, நீர் அந்தப் பக்கம் திரும்பி இரும். கடிகாரத்தை நான் வாசிக்கிறன்."

"ஏன் சார்?"

"ஓட்டுறது உம்மட தம்பி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. புழு முட்டையைக்கூடக் கூட்டிக் குறைத்து எண்ணாதவள் நான். ஆனாலும் திரும்பி உட்கார்ந்தேன். அன்று இரத்தக் குழாய்களிலும் குதிரையின் பெயர் இருக்கவில்லை, அவருக்கு மட்டும் தெரிந்த அடையாளம்தான் இருந்தது. எது யாருடையது என்று தெரியாமலே அளந்து கொடுத்தேன். எல்லாம் முடிந்ததும் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இது குதிரையின்ர நம்பர்தான்" என்றார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

அமிலம் பழைய இடத்திலேயே இருந்தது. உடற்திறன் குறைந்திருந்தால் அமிலமும் முந்தி ஏறியிருக்கவேண்டும். வெறும் பரபரப்பு என்றால் இதயம் முதல் ஓட்டத்திலேயே துள்ளியிருக்கும். செவலைக்கு வேகம் கூடும்போது மட்டும்தான் ஏறியது. காய்ச்சல் இல்லை, நுரையீரலில் சத்தம் இல்லை, இரத்தம் சுத்தம். மிஞ்சியது ஒன்றுதான். எங்கேயோ நோகிறது.

ஆனால் குதிரை நொண்டவில்லை. தார் ரோட்டில் நடத்தியும் ஓட்டியும் பார்த்தோம். டாக்டர் கால்களை ஒவ்வொரு அங்குலமாக அழுத்திப் பார்த்தார். தலையைக்கூட அசைக்காமல் நின்றது செவலை.

"நொண்டாத குதிரைக்குக் கால் நோகுமா, டாக்டர் ஐயா?" என்று மணிவேல் கேட்டான். குரலில் கொஞ்சம் நக்கல் இருந்தது.

"ஒரு காலில நொந்தா மற்றக் காலில பாரத்தைப் போட்டு நொண்டும். ரெண்டு முன்னங்காலும் சரிசமனா நொந்தா எந்தக் காலில நொண்டுறது, தம்பி?"

மணிவேல் குனிந்து செவலையின் முன்னங்கால்களைத் தடவிப் பார்த்தான்.

குதிரையின் காலைப் படம் பிடிக்கும் வசதி அப்போது எங்களுக்குக் கிட்டத்தில் எங்கும் இல்லை. டாக்டர் கடைசியாக ஒரு சோதனை வைத்தார். சில நாட்கள் செவலைக்கு வலி தணிக்கும் மருந்து கொடுத்துவிட்டு, மூன்றாம் ஓட்டத்தைப் பாதித் தூரம் மட்டும் ஓடவைத்தார். அந்தப் பாதித் தூரத்தை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். இறங்கி வந்த மணிவேலே கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தான். இதயம் பழைய எண்ணுக்கு இறங்கியிருந்தது.

வலிதான் என்பது அதோடு உறுதியானது. ஆனால் அந்தச் சோதனையே இன்னொரு வாசலையும் திறந்துவிட்டது என்பது அன்று மாலை மணிவேல் மருந்து அறைக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அலுமாரிச் சாவி என்னிடம் இருந்தது.

"அக்கா, மருந்து குடுத்தா சரியாகுதுல்ல. பெறகு என்னா?"

"நோவு தெரியாது, அவ்ளோதான். காலு அதே காலுதான்டா."

"ஓடுனா ஜெயிக்குமா, ஜெயிக்காதா? அத மட்டும் சொல்லு."

"ஜெயிக்கும்னுதான் நம்பர் சொல்லுது."

"அப்ப?"

"ஒடையவும் செய்யலாம். ரேஸ் வேகத்துல கால் ஒடைஞ்சா குதிரை மட்டும் விழாது, மணி. மேல இருக்கிற ஒன்னையும் சேத்துதான் போட்டு உருட்டும். பின்னால வர்ற குதிரையெல்லாம் நிக்காது."

அவன் அலுமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றான். "லயத்துல பஸ் பேசியாச்சுக்கா. அப்பா வெள்ளச் சட்ட எடுத்து வச்சிருக்காரு."

"தெரியும்."

"வேற எவனாச்சும் ஓட்டுறதா இருந்தா நீ இப்பிடிச் சொல்லுவியா?"

அதற்காகத்தான் என்னை முதுகைக் காட்டி உட்காரவைத்தார்கள் என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். டாக்டர் அன்று ஏன் அப்படிச் செய்தார் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. "சொல்லுவேன்" என்றேன். "யாரா இருந்தாலும் இதையேதான் சொல்லுவேன்."

"சாவியக் குடு."

"குடுக்க மாட்டேன்."

அவன் கெஞ்சவும் இல்லை, பிடுங்கவும் இல்லை. திரும்பிப் போனான்.

அடுத்த நாள் துரையின் பங்களா விறாந்தையில் டாக்டர் தன் முடிவைச் சொன்னார். "ஓடினா வெல்லும். ஓட விடக்கூடாது."

"டாக்டர், ரெண்டுல ஒன்னு சொல்லுங்க" என்றார் துரை.

"ரெண்டும்தான் உண்மை. ஒரே சோதனை ரெண்டையும் சொல்லுது. அமிலத்தைப் பாத்தா வெல்லும். இதயத்தைப் பாத்தா, எங்கயோ எலும்பில வெடிப்பு ஒண்டு தொடங்கியிருக்கு. எங்க எண்டு என்னால காட்ட ஏலாது."

"மருந்து குடுத்து?"

"அது ரேஸில குற்றம். குற்றம் இல்லையெண்டாலும் நான் குடுக்கமாட்டன். நோவு ஒண்டுதான் இப்ப அதை மெதுவாக்கி வச்சிருக்கு. அதையும் எடுத்துட்டா குதிரை தன்ர காலைத் தானே முறிச்சுப்போடும்."

குதிரை நொண்டவும் இல்லை, வீங்கவும் இல்லை. ஒரு கடிகாரத்தில் தெரிந்த எண்ணுக்காகத் துரை தன் ஆசையை விடவேண்டும். பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ், ஒங்க தம்பிதானே ஓட்டுறது. நீங்க என்ன சொல்றீங்க?"

"எடுத்திருங்க, சார்" என்றேன். குரல் எப்படியோ சீராகத்தான் வந்தது. துரை செவலையை ரேஸிலிருந்து விலக்கினார்.

பஸ் பேசியது பேசியதுதான் என்று லயத்து ஆட்கள் நுவரெலியாவுக்குப் போனார்கள். அப்பா போகவில்லை. செவலை ஓடவிருந்த ரேஸில் வென்ற குதிரையின் நேரத்தைக் கேட்டறிந்தேன். எங்கள் கணக்கின்படி செவலை அதைவிட முந்தி வந்திருக்கும். இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மணிவேல் அந்தச் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே லாயத்தைவிட்டு நின்றுவிட்டான். எல்ல என்ற ஊர்ப் பக்கம் போய், வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றி இறக்கும் த்ரீவீல் ஓட்டத் தொடங்கினான். கல்யாணம், காதுகுத்து, அப்பாவின் காரியம் என்று எல்லாவற்றுக்கும் சந்திப்போம். சாப்பிட்டியா, பிள்ளைகள் படிக்குதா என்று பேசுவோம். குதிரை என்ற சொல் மட்டும் எங்களுக்குள் வரவே வராது.

செவலை பல மாதம் ஓய்வில் இருந்தது. அந்த மாதங்களிலும் அது நொண்டவில்லை. குதிரைக்காரர்கள் அதற்கு 'மிஸ் நோயாக்குன குதிரை' என்று பெயர் வைத்தார்கள். எனக்குக் கேட்கும்படியாகவே சொல்வார்கள். துரை அதைப் பிறகு ரேஸில் விடவே இல்லை, குட்டி போடுவதற்கு வைத்துக்கொண்டார். நாங்கள் செய்தது சரியா என்று டாக்டரிடம் ஒருமுறைதான் கேட்டேன். போரில் மூடிக்கிடந்த யாழ்ப்பாணப் பாதை அப்போதுதான் திறந்து, அவர் ஊருக்குத் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியாது, பிள்ளை" என்றார். "ஓடாத குதிரை ஒண்டையும் நிரூபிக்காது. எங்கட தொழிலில இருக்கிற பெரிய கரைச்சல் அதுதான். சொன்னது பலிக்காமப் போறதுக்காகத்தான் சொல்லுறம்."

அவர் போன பிறகும் நான் வேலையைத் தொடர்ந்தேன். ஆனால் மனசு முழுதாக ஒப்பவில்லை. மூன்றாம் ஓட்டம் முடிந்து யாராவது கடிகாரத்தைக் கழற்றித் தரும்போதெல்லாம், சேணத்தில் இருந்தபடி என்னைப் பார்த்த மணிவேலின் முகம் வந்துபோகும். அது எனக்குப் பெரிய வேதனையாகவே இருந்தது.

டாக்டர் போய்ச் சில வருடங்கள் கழித்து ஒரு மழைக்காலத்தில் செவலை வயிற்று நோவு வந்து செத்தது. வயசாகியிருந்தது. புதைப்பதற்கு முன்பு இரண்டு முன்னங்கால்களையும் எடுத்துக்கொள்ளத் துரையிடம் அனுமதி கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. முழங்காலுக்குக் கீழே வெட்டியெடுத்து, கொள்ளு அவிக்கும் பழைய அண்டாவில் சலவைச் சோடா போட்டு அடுப்பில் ஏற்றினேன். இறைச்சி கழன்று எலும்பு வெளியே வருவதற்கு நேரம் எடுக்கும். அண்டா கொதிக்கத் தொடங்கியதும் எல்லவுக்குப் போன் போட்டு மணிவேலை வரச் சொன்னேன். எலும்பைப் பார்த்த பிறகு கூப்பிட்டால், எனக்குச் சாதகமானதை மட்டும் கூப்பிட்டுக் காட்டுவதாகிவிடும். ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த ஒன்றுமில்லாததை அவனும் பார்க்கவேண்டும். அதுதான் முறை.

அவன் வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. நல்ல தொப்பை போட்டிருந்தான். நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னாக்கா, குதிர ரசமா?" என்றான்.

எலும்புகளை வெளியே எடுத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்து, சாக்கில் வைத்தேன். முன்பக்கம் இரண்டும் வழுவழுவென்று இருந்தன. வலது எலும்பைத் திருப்பினேன். பின்பக்கம், உயிரோடிருக்கும்போது தடித்த தசைநார் மூடியிருக்கும் இடத்தில், குறுக்கே ஒரு மேடு இருந்தது. வெடித்த எலும்பு மெல்ல மெல்லத் தானே பூசி மெழுகிக்கொண்ட தழும்பு. விரல் வைத்தால் தெரியும். இடது எலும்பையும் திருப்பினேன். அதே இடத்தில் அதே மேடு இருந்தது.

ஒன்றும் விளக்காமல் இரண்டையும் அவன் கையில் கொடுத்தேன். அவன் பெருவிரலால் வலதைத் தடவினான். பிறகு இடதை. மறுபடியும் வலதை. டாக்டர் சொன்னது அவனுக்கும் ஞாபகம் இருந்திருக்கவேண்டும்.

"ரெண்டுலயும்" என்றான்.

"ஆமா."

அத்தனை வருடமும் இதைப் பார்ப்பதற்காகத்தான் காத்திருந்தேன் போலிருந்தது. நீ உயிரோடிருப்பது இந்த எண்ணால்தான்டா என்று சொல்ல வாய் வந்தது. அதற்கு முன்பு அவன் பேசினான்.

"அக்கா, எங்கன ஒடைஞ்சிருக்கும்?"

"இங்கனதான்" என்று எலும்பைத் தொட்டுக் காட்டினேன்.

"எலும்புல இல்லக்கா. மைதானத்துல." அவன் என்னைப் பார்க்கவில்லை, பெருவிரல் மேட்டின் மேலேயே இருந்தது. "ஜெயிக்கிற கம்பத்துக்கு முந்தியா, பிந்தியா?"

அதற்கு ஓர் எண் கிடையாது. இதயத்திலும் இல்லை, அமிலத்திலும் இல்லை, அந்தத் தழும்பிலும் இல்லை. அளக்காத ஒன்றை நான் வேலை செய்த காலம் முழுக்க ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை.

"பிந்தித்தான்" என்றேன். "கம்பத்தத் தாண்டுன பெறகுதான்டா ஒடைஞ்சிருக்கும்."

மணிவேல் தலையை ஆட்டினான். எலும்புகளை மெதுவாகச் சாக்கில் வைத்துவிட்டு, இதில் ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டான். எடுத்துக்கொள் என்றேன். கம்பத்தைப் பற்றி நான் சொன்னது குதிரையின் நம்பரா, எங்கள் நம்பரா என்று டாக்டர் இப்போது வந்து கேட்டாலும் மறைக்கமாட்டேன். எங்களுடையதுதான்.